கணக்கு சாரும் கண்ணாடி விரியனும்

சாம்பிள் சைஸ் சொல்லிப் பிழைக்கிறவனிடம் வருகிற ஒவ்வொருத்தரும் "எத்தனை பேர் வேணும்?" என்றுதான் கேட்பார்கள், ஆனால் எத்தனை என்பதை அவர்களே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். அதே எண்ணை நாமும் சொல்லிவிட்டால் டீ வாங்கிக் கொடுப்பார்கள். வேறு எண்ணைச் சொன்னால், "அந்த ஆளுக்கு நடைமுறையே தெரியாதுப்பா" என்று கேன்டீனில் பேசுவார்கள். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட என் சக பாவப்பட்ட ஜென்மங்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் புள்ளியியல் படித்தவன். பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சில வருஷம் வேலை பார்த்தேன். பேர் எதற்கு, விடுங்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், கழுத்து ஆடுகிற ஒரு ஃபேன், இவ்வளவுதான் என் டிபார்ட்மென்ட். டாக்டர்கள் யாராவது ஆராய்ச்சி செய்யக் கிளம்பினால் எத்தனை நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அதனால் அங்கே எனக்குப் பேர் 'கணக்கு சார்'. இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் ஏசி அறையில் உட்கார்ந்து இதே வேலையைத்தான் செய்கிறேன். நோயாளிகள் இங்கே வெறும் வரிசை எண்ணாக வருகிறார்கள். எந்த ஊர், என்ன பயிர், யார் கூட வந்தார்கள், ஒன்றும் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கண் சொக்குகிற நேரத்தில் அந்த மாடிப்படி மேஜைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

டாக்டர் கேட்ட ஒரே கேள்வி

டாக்டர் கயல்விழி நடந்து வந்து நான் பார்த்ததில்லை, ஓடித்தான் வருவார். ஒரு நாள் அப்படி ஓடி வந்து என் மேஜையில் ஒரு பேப்பரைப் போட்டார். எங்கோ ஒரு பெரிய நகரத்தில் டாக்டர்கள் சேர்ந்து ஒரு ஸ்கோர் உண்டாக்கியிருந்தார்கள். பாம்பு கடித்து வருகிறவரிடம் அஞ்சு விஷயம் பார்க்க வேண்டும். கடித்து எவ்வளவு நேரம் ஆச்சு, கண்ணாடிக் குழாயில் எடுத்த ரத்தம் இருபது நிமிஷத்தில் உறையுதா, மூத்திரம் எவ்வளவு போகுது, வயசு, பிரஷர். இதற்கெல்லாம் மார்க் போட்டுக் கூட்டினால், அவருடைய கிட்னி கெட எவ்வளவு வாய்ப்பு என்று தெரிந்துவிடுமாம். மார்க் அதிகம் என்றால் உடனே டயாலிசிஸ் வசதி இருக்கிற திருச்சிக்கு அனுப்ப வேண்டும், குறைவு என்றால் இங்கேயே வைத்துப் பார்க்கலாம்.

அதற்கு முந்தின வருஷம் எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போன கலியபெருமாள் என்பவரைக் கண்ணாடி விரியன் கடித்திருந்தது. "நல்லாத்தானே இருக்காரு" என்று கயல்விழி அவரை இங்கேயே வைத்துக்கொண்டார். மூணாம் நாள் மூத்திரம் நின்றது. திருச்சிக்குப் போய்ச் சேருவதற்குள் கிட்னி போய்விட்டது. அன்றிலிருந்து வாரம் ரெண்டு தடவை அவருக்கு டயாலிசிஸ். சரி, எல்லாரையும் திருச்சிக்கே அனுப்பிவிடலாம் என்றால், அறுப்பை விட்டுவிட்டு யாரும் போக மாட்டார்கள். பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கி வூட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா தனியாக முடிவு எடுக்க வேண்டியிருந்தது. இந்த ஸ்கோர் நம்ம ஊருக்கும் சரிப்பட்டு வந்தால் கேஷுவாலிட்டி சுவரில் ஒட்டிவிடுவேன், அதைச் சோதிக்க எத்தனை பேர் வேணும் என்று கேட்டார்.

நான் வழக்கம் போல ஆரம்பித்தேன். மாசம் எத்தனை பேர் கடிபட்டு வர்றாங்க? அதுல எத்தனை பேருக்குக் கிட்னி கெடுது? ஸ்கோர் எவ்வளவு தப்பாச் சொன்னா நீங்க பொறுத்துக்குவீங்க? கெடுகிற ஒருத்தரைத் தவறவிடறது பெருசா, கெடாத ஒருத்தரைத் திருச்சிக்கு அலைய விடறது பெருசா? நாலாவது கேள்வியில் அவர் பேப்பரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "நான் ஒரு கேள்விதான் சார் கேட்டேன். நீங்க என்னைய உக்கார வெச்சுப் பரீட்சை நடத்துறீங்க."

முப்பதின் பூர்வீகம்

கணக்குப் போட்டுப் பார்த்ததில் விஷயம் இதுதான். இந்த மாதிரி ஸ்கோரைச் சோதிக்க எத்தனை பேர் வந்தார்கள் என்பது முக்கியமே இல்லை. அதில் எத்தனை பேருக்குக் கிட்னி கெட்டது என்பதுதான் முக்கியம். ஆயிரம் பேர் வந்து ஒருத்தருக்கும் கெடவில்லை என்றால், கெடப்போகிறவரை ஸ்கோர் கண்டுபிடிக்குமா என்று எப்படித் தெரியும்? கெட்டவர்களே குறைந்தது நூறு பேராவது வேண்டும். பத்துப் பேரில் ஒருத்தர், மிஞ்சினால் ரெண்டு பேருக்குக் கெடும் என்று கயல்விழி குத்துமதிப்பாகச் சொன்னார். அப்படியானால் மொத்தம் ஏழெட்டு நூறு பேர். அரியலூரில் ஒரு ஆஸ்பத்திரியையும் சேர்த்துக்கொண்டாலும் ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகும்.

ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுக்கிற கமிட்டியில் இதைச் சொன்னதும் ஒரு மூத்த பேராசிரியர் சிரித்தார். "எதுக்குத் தம்பி இவ்வளவு? முப்பது போதுமே." முப்பது எங்கிருந்து வந்தது சார் என்று கேட்டேன். நூலக அலமாரியைக் கை காட்டினார். எனக்கு முன்கோபம் அதிகம், விடுவேனா? ஒரு வாரம் அந்த அலமாரியில் தூசியைத் தின்றேன். எல்லா ஆய்வேட்டிலும் முப்பது பேர்தான். ஏன் முப்பது என்றால் அதற்கு முந்தின வருஷத்து ஆய்வேட்டில் முப்பது. அதற்கு அதற்கும் முந்தினது. இப்படியே பின்னால் போய்ப் போய்க் கடைசியில் ஆதி ஆய்வேட்டைப் பிடித்தேன். அதை எழுதிய மாணவருக்குப் பரீட்சைத் தேதி வருவதற்குள் கிடைத்ததே முப்பது நோயாளிகள்தான். இதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி கமிட்டியில் போய்ச் சொன்னேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே சொன்னார். "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. முப்பதை வெச்சு ஃபெயில் ஆனவன் ஒருத்தனைக் காட்டுங்க பாப்போம்."

பால் வண்டிக் கடிகாரம்

எப்படியோ அனுமதி கிடைத்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் நாலு பக்க ஃபாரம் தயார் செய்தேன். வந்ததும் ரத்தம் உறைகிற டெஸ்ட், மணிக்கு ஒரு தடவை மூத்திர அளவு, பத்தாம் நாள் கிட்னி நிலவரம் என்று அத்தனைக்கும் கட்டம் போட்டிருந்தேன். முதல் கட்டம், கடித்த நேரம். அது காலியாக இருந்தால் ஸ்கோர் போட முடியாது, அந்த ஆளே கணக்கில் சேராமல் போய்விடுவார். ஆனால் வருகிறவர்கள் சொல்கிற நேரம் எப்படி இருக்கும் என்கிறீர்கள்? "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுத் திரும்பையில." "ரேஷன் கடை தொறக்குறதுக்குச் சித்த முன்னாடி." ஃபாரத்தைப் பார்த்து நான் பல்லைக் கடித்தேன்.

கேஷுவாலிட்டி பொறுப்பில் இருந்தது லூர்து சிஸ்டர். இருபது வருஷ சர்வீஸ், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவர் ஒரு பழைய காலண்டரைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதி மாட்டினார். சர்க்கரை ஆலைச் சங்கு எத்தனை மணிக்கு ஊதும், அரவை இல்லாத மாசத்தில் அதற்குப் பதில் எந்த மினி பஸ், பால் வண்டி எந்த ஊருக்கு எப்போது வரும், பள்ளிக்கூட மணி எப்போது, எல்லாம் அதில் இருந்தது. நோயாளி என்ன சொன்னாலும் சிஸ்டர் காலண்டரைப் பார்த்து மணியாக்கி எழுதிவிடுவார். "இது என்ன சிஸ்டர், ஆராய்ச்சியா, ஜோசியமா?" என்று நான் குதித்தேன். அவர் அடுத்த ஃபாரத்தை எடுத்தார். ஒரு மாசம் கழித்து ஆம்புலன்ஸ்காரர்களின் நோட்டை வாங்கி ஒத்துப் பார்த்தேன். சிஸ்டர் எழுதிய நேரமெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே அப்படியே பொருந்தியது. அதற்கப்புறமும் எனக்கு அடங்கவில்லை. படுக்கையில் இருந்த ஒரு விவசாயியிடம் குனிந்து, "ஐயா, சரியா எத்தனை மணிக்குக் கடிச்சுது?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கடிச்ச பாம்பு மணி சொல்லிட்டா சார் போச்சு? பால் வண்டிக்காரனைக் கேளுங்க, அவன்தான் என்னைய ஏத்தியாந்தான்."

திருச்சியிலிருந்து பன்னிரண்டு

ஃபாரம் நிரப்பவும், பத்தாம் நாள் வீடு தேடிப் போய்ப் பார்க்கவும் பழனிமுத்துவை வேலைக்கு எடுத்திருந்தோம். அதற்கு முன்னால் யார் கரும்பை எப்போது வெட்டுவது என்று ஆலைக்கு முறை எழுதிக்கொண்டு காடு காடாக அலைந்தவர். இந்த ரெண்டு ஜில்லாவிலும் அவருக்குத் தெரியாத வரப்பு கிடையாது. முதல் நாளே நான் அவரிடம் அழுத்தம் திருத்தமாகச் சொன்னேன், "நல்லா இருக்கவங்க எத்தனை பேர் வந்தாலும் நம்மளுக்குப் பத்தாது. கெட்டுப்போனவங்கதான் கணக்கு."

மூணு வாரம் கழித்துப் பன்னிரண்டு ஃபாரம் கொண்டுவந்து மேஜையில் அடுக்கினார். பன்னிரண்டும் கிட்னி கெட்ட கேஸ். எனக்குத் தலை கால் புரியவில்லை. அப்புறம் விலாசத்தைப் பார்த்தேன். முசிறி, லால்குடி, துறையூர். மனுஷன் தன்னுடைய லீவு நாளில் திருச்சிக்கு பஸ் ஏறி, டயாலிசிஸ் வார்டு வாசலில் காத்திருக்கிறவர்களிடம் ஒவ்வொருத்தராகப் போய், "உங்களுக்குப் பாம்பா?" என்று விசாரித்திருக்கிறார். ஆமாம் என்றவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து நாலு பக்கத்தையும் நிரப்பி வந்துவிட்டார்.

நான் கத்திய கத்தலில் மாடிப்படியில் ஆள் கூடிவிட்டது. அனுமதி வாங்காமல் இன்னொரு ஆஸ்பத்திரியில் போய் விசாரித்தது ஒரு தப்பு. அதை விடப் பெரிய தப்பு ஒன்று இருந்தது. நூறு பேரில் பத்துப் பேருக்குக் கெடும் என்று ஸ்கோர் சொன்னால், கெடாத தொண்ணூறு பேரும் கூடவே இருந்தால்தான் அது சரியா என்று பார்க்க முடியும். வாசலில் வருகிறவர்களை வருகிற வரிசையில் எடுக்க வேண்டும். கெட்டவர்களாகப் பொறுக்கிக் கொண்டுவந்து சேர்த்தால், உண்மை சொன்ன ஸ்கோர்கூடப் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். இதையெல்லாம் நான் மூச்சு விடாமல் சொல்லி முடிக்கும் வரைக்கும் பழனிமுத்து தலை குனிந்து நின்றார். பன்னிரண்டையும் ஒரு கவரில் போட்டு ஒட்டினேன். அப்போது நிமிர்ந்தார். "கெட்டுப்போனவங்கதான் கணக்குன்னு நீங்கதானே சார் சொன்னீங்க. நல்லா இருக்கறவங்களப் பாக்க யாராச்சும் திருச்சிக்குப் போவாங்களா?"

லேமினேஷன்

நாற்பது பேர் சேர்ந்த சமயம். அதில் ஆறு பேருக்குக் கிட்னி கெட்டிருந்தது. ஆறு பேருக்கும் ஸ்கோர் முன்கூட்டியே 'ஆபத்து' என்று சொல்லியிருந்தது. கயல்விழி எனக்குத் தெரியாமல் ஃபாரங்களைப் புரட்டி இதைக் கண்டுபிடித்துவிட்டார். நான் போய்ப் பார்க்கும்போது கையில் செல்லோ டேப்போடு கேஷுவாலிட்டி சுவர் பக்கம் நிற்கிறார். ஸ்கோரைப் பெரிய எழுத்தில் அச்சடித்து லேமினேஷனும் போட்டாகிவிட்டது.

"ஆறுக்கு ஆறு சார். இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். நான் பேனாவை எடுத்தேன். நாளைக்கு வருகிற ஒருத்தருக்குப் பயமில்லை என்று ஸ்கோர் சொல்லி, கிட்னி போய்விட்டால் ஏழுக்கு ஆறு. அடுத்து இன்னொருத்தர் அப்படி என்றால் எட்டுக்கு ஆறு. ரெண்டே ரெண்டு பேர் வந்து கவிழ்த்துவிடக்கூடிய கணக்கை நம்பி எப்படிச் சுவரில் ஒட்டுவது? கயல்விழிக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப உங்க நூறு பேர் வர்ற வரைக்கும் நடுவுல வர்றவங்களுக்கு நான் எதை வெச்சு முடிவு பண்றது?" நான் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு வாரம் ரெண்டு பேரும் முகம் பார்த்துப் பேசவில்லை.

டேப்பையும் அட்டையையும் லூர்து சிஸ்டர்தான் மெதுவாக வாங்கிக்கொண்டார். "லேமினேஷன் போட்டாச்சு, இனிமே பேனா வெச்சுத் திருத்தவும் முடியாது. பீரோ மேல வெக்கிறேன் சார், உங்க நூறு பேரு வந்ததும் சொல்லுங்க."

அறுபத்து மூன்று

அடுத்த மாசமே, ஸ்கோர் 'பயமில்லை' என்று சொன்ன ரெண்டு பேருக்கு மூத்திரம் குறைந்தது. மணிக்கு மணி அளந்து எழுதியதால் உடனே தெரிந்து திருச்சிக்கு அனுப்பினார்கள், பிழைத்துக்கொண்டார்கள். கயல்விழி சண்டையை மறந்து அவரே வந்து இதைச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் கர்வம்தான், மறைப்பானேன்? என் மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு தாளை ஒட்டி, கெட்டவர்களின் எண்ணிக்கையை எழுத ஆரம்பித்தேன். வேலைக்கு வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். இருபது, முப்பத்தஞ்சு, ஐம்பது என்று அது ஏற ஏற எனக்கு ஒரு துள்ளல். நூறைத் தொட்டுவிட்டால் சாதித்துவிட்டேன் என்கிற நினைப்பு.

மக்காச்சோளம் ஒடிக்கிற காலம். ஒரு திங்கட்கிழமை காலையில் லூர்து சிஸ்டர் போன் செய்தார். ரஞ்சன்குடியிலிருந்து சோளக்காட்டில் கடிபட்டு வந்த அம்மாவுக்கு மூத்திரம் சுத்தமாக நின்றுவிட்டது, திருச்சிக்கு வண்டி ஏற்றியாச்சு, கூடப் போக ஆள் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரர் போகிறார் என்றார். என் வாயிலிருந்து வந்த வார்த்தை, "அப்பாடா, அறுபத்து மூணு." சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. சிஸ்டர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எப்போதும் போல மெதுவாகத்தான் பேசினார். "அந்தம்மா பேரு சரோஜா சார். ஃபாரத்துல எழுதியிருக்கேன், பாத்துக்கங்க."

தாய்மாமன் சீர்

சுவரில் ஒட்டிய தாளை அன்றைக்கே கிழித்துவிட்டேன். கணினியில் மட்டும் எண்ணிக்கை போய்க்கொண்டிருந்தது. பழனிமுத்து பத்தாம் நாள் வீடு தேடிப் போகும்போதெல்லாம் முடிந்தவரை நானும் கூடப் போக ஆரம்பித்தேன். சொல்லாமல் கொள்ளாமல் வார்டை விட்டுக் கிளம்பிப் போனவர்களைத் தேடுவதுதான் பெரும்பாடு. அவர்களுக்கு என்ன ஆச்சு என்று தெரியாமல் 'நல்லா இருக்கார்' என்று எழுதிவிட்டால் மொத்தக் கணக்கும் பொய்.

அப்படி ஒருத்தர் மீன்சுருட்டி ஜெயராமன். அரியலூர் ஆஸ்பத்திரியில் ரெண்டாம் நாளே ஆளைக் காணோம். ஜெயங்கொண்டம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, விசாரித்துக்கொண்டு போனால் ஒரு வீட்டு வாசலில் பந்தல், மைக் செட், வாழை மரம். தங்கச்சி மகளுக்கு மஞ்சள் நீராட்டு. ஜெயராமன்தான் தாய்மாமன். மாலையும் கழுத்துமாக மனையில் உட்கார்ந்திருந்தார். முகம் உப்பியிருந்தது. "மாமனுக்கு இன்னிக்கு முகத்துல என்ன களை பாருங்க" என்று ஒரு பெரியம்மா சொல்லிக்கொண்டிருந்தார். பழனிமுத்து நேராகப் போய் அவர் காலடியில் உட்கார்ந்து, கட்டை விரலால் காலை அமுக்கினார். விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. மூத்திரம் போச்சா என்று கேட்டார். நேத்திலேருந்து சரியாப் போகல என்றார் ஜெயராமன். பந்தலில் பாட்டு நின்றுவிட்டது.

உடனே வண்டி ஏறுங்கள் என்று நான் அவசரப்படுத்தினேன். கூடியிருந்தவர்களுக்குப் பழனிமுத்து விஷயத்தை எடுத்துச் சொன்னார். கடிச்சதும் நேரா ஆஸ்பத்திரி, நடுவுல வேர், பச்சிலைன்னு எங்கயும் நிக்கக் கூடாது, மூத்திரம் குறைஞ்சா சும்மா இருக்கக் கூடாது என்று அவர் பேசினதை மைக் செட்காரர் பக்கத்தில் மைக்கை வைத்து ஊருக்கே போட்டுவிட்டார். அன்று சாயங்காலமே ஜெயராமன் திருச்சிக்குப் போய், கொஞ்ச நாள் டயாலிசிஸ் பண்ணி, கிட்னி திரும்பி நல்லபடியாக வந்துவிட்டார். ஆனால் பந்தலை விட்டு அவரைக் கிளப்ப நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். கூப்பிய கையோடு சொன்னார். "சீரு வெக்காம வந்தா என் தங்கச்சி மனசு தாங்காது சார். அரை மணி நேரம் குடுங்க, வெச்சுட்டு ஓடியாந்துடறேன். நீங்க ரெண்டு பேரும் அதுக்குள்ள ஒரு வாய் சாப்புட்டுடுங்க."

ஏன் நின்றது?

எண்பத்தொண்ணுக்கு அப்புறம் எண்ணிக்கை கிட்டத்தட்ட நின்றுவிட்டது. கடிபட்டு வருகிறவர்கள் குறையவில்லை. கிட்னி கெடுவதுதான் குறைந்தது. மூணு மாசத்தில் ஒன்றே ஒன்று. திட்டத்துக்குக் கொடுத்த காலம் முடியப் போகிறது. பழனிமுத்து சரியாக விசாரிக்கவில்லையோ, லேபில் மெஷின் கோளாறோ என்று எல்லார் மேலும் சந்தேகப்பட்டு, எல்லார் வாயிலும் விழுந்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்த ஃபாரத்தையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன்.

ஆரம்பத்தில் வந்தவர்கள் கடித்து அரை நாள் கழித்து வந்திருந்தார்கள். இப்போது வருகிறவர்கள் அடுத்த பஸ்ஸிலேயே வந்திருந்தார்கள். விலாசங்களைப் பார்த்தால் பழனிமுத்து விசாரிக்கப் போய்ப் பேசிவிட்டு வந்த ஊர்களாகவே இருந்தன. மூத்திரக் கட்டத்தில் ஒரு மணி நேர அளவு குறைந்தால், அதற்கு எதிரேயே லூர்து சிஸ்டர் கையெழுத்தில் 'டாக்டரிடம் சொன்னேன்' என்று இருந்தது. அடுத்த வரியில் கயல்விழி என்ன செய்தார் என்று இருந்தது. இந்த ஃபாரம் வருவதற்கு முன்னால் அங்கே யாரும் மூத்திரத்தை மணிக்கு மணி அளந்ததே இல்லை. நான் கணக்குக்காகக் கேட்டேன், அவர்கள் அதை வைத்து வைத்தியமே பார்த்துவிட்டார்கள். இனிமேல் ஸ்கோர் 'ஆபத்து' என்று சொன்னவருக்கும் கெடாது, ஏனென்றால் இவர்கள் கெட விடவில்லை. அப்புறம் அது சொன்னது சரியா தப்பா என்று எதை வைத்துப் பார்ப்பது?

மறுநாள் கயல்விழியிடம் போய் உட்கார்ந்து, நூறு நிறையாது, இருக்கிறதை வைத்து ஸ்கோர் நல்லதா கெட்டதா என்று அடித்துச் சொல்ல முடியாது, சுவரில் ஒட்டச் சொல்லி நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பரப்பி வைத்த ஃபாரங்களில் நான் பார்த்ததையும் சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார். "முடிவு என்னோடதா இல்லாம அந்த அட்டையோடதா இருக்கணும்னு நெனச்சேன் சார். கலியபெருமாளுக்கு அப்புறம் எனக்கு அவ்வளவு பயம்."

திட்டம் முடிந்த அன்று

கமிட்டியில் அறிக்கை கொடுத்தேன். போதிய எண்ணிக்கை சேரவில்லை, முடிவு சொல்ல இயலாது. ரெண்டே வரி. அந்த 'முப்பது போதும்' பேராசிரியர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். திட்டம் மூடப்பட்டது, மிச்சமிருக்கும் ஃபாரங்களைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. எனக்கும் சென்னையில் வேலை கிடைத்திருந்தது, அந்த வாரக் கடைசியில் கிளம்ப வேண்டும்.

உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு கேஷுவாலிட்டிக்குப் போனேன். ஃபாரக் கட்டு லூர்து சிஸ்டர் மேஜையில் இருந்தது. கையை நீட்டினேன். சிஸ்டர் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இருபது வருஷத்தில் அவர் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை என்பார்கள். உத்தரவை முழுசாகப் படித்தார், மடித்தார், என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அதற்குள் ஒரு போன் வந்தது. பேசிவிட்டு எழுந்து, கட்டின் மேலேயிருந்து ஒரு ஃபாரத்தை உருவி, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "ஸ்டடிய நீங்க மூடிக்கங்க சார், ஃபாரம் இங்கயே இருக்கட்டும். வயல்ல ஒரு பொம்பளைய கடிச்சிருக்காம், கால் மணி நேரத்துல வந்துடுவாங்க."

இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எண்கள் எத்தனையோ நிறைந்து, அச்சாகி, பாராட்டும் வாங்கியிருக்கின்றன. ஆனால் வெளியே பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் இருப்பதென்னவோ ஆளாளுக்குச் சேர்ந்து நூறைத் தொட விடாமல் பண்ணிய அந்த ஒரு எண்தான்.